எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்கள்

பழைய கார் வாங்குவதற்கு முன்னால் எந்தக் கம்பெனி வண்டியை நம்பலாம் என்று கண்டுபிடிப்பதற்காக, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து சமயபுரம் போய், வண்டிகளுக்குப் பூஜை போடுகிற இடத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இதை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பேர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டுதல் என்றே விட்டிருக்கலாம், கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் நூலகர். புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைப்பவன் மற்ற காரியங்களையும் ஒழுங்காகச் செய்வான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. என் மனைவிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவளுக்கு என்னோடு இருபத்து மூன்று வருஷ அனுபவம்.

அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த ஏப்ரலில் அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வருமா வராதா என்று பல வருஷம் காத்திருந்து, இனி வராது என்று நிம்மதியாகிவிட்ட பிறகு வந்தது. பள்ளிக்கூடம் மண்ணச்சநல்லூரைத் தாண்டி, அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். தூரம் ஒன்றும் பெரிதில்லை. அவளுடைய முதுகுதான் பிரச்சினை. முந்தின வருஷம் முதுகெலும்பில் ஒரு தட்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்கூட்டர் கூடாது, பஸ்ஸில் நிற்கக் கூடாது, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குலுங்காமல் மண்ணச்சநல்லூர் போவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று அவள் அங்கே போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு தினமும் போய் வர வேண்டும்.

ஆகவே கார். புதுக் கார் எங்கள் கைக்கு எட்டாது, பழைய கார்தான். கார் ஓட்ட அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று லைசென்ஸ் சொல்கிறது.

"எனக்குக் காரே வேணாங்க," என்றாள் அவள். "காலையில ஏழே முக்காலுக்குக் கெளம்புற ஏதோ ஒண்ணு வேணும். அது காரா இருந்தா சரி."

தேடுகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். கார் வைத்திருக்கும் மனிதனிடம் அவனுடைய காரைப் பற்றிக் கேட்பது, தாயிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல. இப்போது இருக்கிற கார் தங்கம், இதற்கு முன்னால் இருந்த கார் தரித்திரம். எதிர்வீட்டுக்காரர் கோயில் கைங்கர்யக் குடும்பம். பதினோரு வருஷமாக ஒரே கார் வைத்திருக்கிறார்.

"நம்மாத்து வண்டியா ஓய்?" என்றார். "பெருமாள் கடாக்ஷம், இதுநாள் வரைக்கும் நடுத்தெருவுல நின்னதா சரித்திரமே கிடையாது."

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டி ஓடியதாகவும் சரித்திரம் கிடையாது. உறை போர்த்தி நிற்கும். ஏகாதசிக்கு ஏகாதசி உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போர்த்திவிடுவார்.

இணையத்தில் தேடினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் உயிரைக் கொடுக்க ஐம்பது பேரும், உயிரை எடுக்க ஐம்பது பேரும் இருந்தார்கள். படிக்கப் படிக்க, எல்லாக் காரும் நல்ல கார், எல்லாக் காரும் மோசமான கார் என்கிற ஒருவித அத்வைத நிலைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு அந்த நிலைக்கு வருவது அவ்வளவு நல்லதில்லை.

"பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

பாய் என்பவர் பாலக்கரைப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சவூதியில் பல வருஷம் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய மகள் என் மனைவியிடம் படித்தவள். அந்த உரிமையில்தான் அவள் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே அவளுக்குப் புரிய வைத்தேன். மெக்கானிக் பார்ப்பது நோயாளிகளை மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊரின் ஆரோக்கியத்தை அளக்க முடியாது. நமக்கு வேண்டியது நோயே வராத வண்டி. அதை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

"நோயாளி யாருன்னு தெரிஞ்சா, மிச்சம் இருக்கறவங்க நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். இப்போது மறந்துவிட்டது.

சமயபுரம் யோசனை வந்தது பஸ்ஸில். ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம், வெயில், அரைத் தூக்கம். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. புதுக் கார் இல்லை. முன்விளக்குகளில் மஞ்சள் படிந்து, கதவில் பழைய கீறல்களோடு இருந்த கார். பானெட்டில் சந்தனம், கண்ணாடியில் குங்குமம், முன்னால் வேப்பிலைக் கொத்து. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஒருவர் மெல்ல வண்டியை நகர்த்தினார். பழங்கள் நசுங்குவதைப் பஸ் கடந்து போகும் அந்த ஒரு கணத்தில் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. ஆனால் கேட்டது போல இருந்தது.

புதுக் காருக்கு யார்தான் மாலை போட மாட்டார்கள்? கல்யாண நாளன்று எல்லா மாப்பிள்ளையும் நல்லவன். பத்து வருஷம் ஓடிய வண்டிக்கு ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து மாலை போடுகிறான் என்றால், அந்த வண்டி அவனுக்கு என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும். மழையில் நிற்காமல் வந்திருக்கும். பிரசவத்துக்கு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அந்த நன்றியை எண்ணிவிடலாம் என்று தோன்றியது. பழைய வண்டிகள் மட்டும். எந்தக் கம்பெனி வண்டி அதிகமாக மாலை வாங்குகிறதோ அதுவே நம்பகமானது. பஸ் டோல்கேட் வருவதற்குள் என் கொள்கை முழு உருவம் பெற்றுவிட்டது.

அந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி வெட்கப்பட வேண்டும். ஆனால் நினைக்கும்போதெல்லாம் வெட்கம் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. திருவானைக்காவலில் பஸ் ஏறுவேன். கொள்ளிடம் வரும். மே மாதத்துக் கொள்ளிடம் ஆறே இல்லை, மணல்தான். நடுவில் எங்கோ இரண்டு மூன்று இழைகளாகத் தண்ணீர், யாரோ ஈரத் துணியை உதறிப் போட்டது போல. கொக்குகள் அசையாமல் நிற்கும். பாலம் முடியும்போது எனக்குக் கண் சொக்கிவிடும். சமயபுரம் வந்து இறங்கும்போது விழித்திருக்கிறேனா என்பது எனக்கே முழுதாக உறுதியாக இருக்காது.

வண்டிப் பூஜை நடக்கிற இடத்தில் தரையெல்லாம் நசுங்கிய எலுமிச்சையும் உடைந்த பூசணியும் ஊறிக் கிடக்கும். எலுமிச்சை, கற்பூரம், பெட்ரோல் மூன்றும் கலந்து ஒரு வாசனை. உலகத்தில் வேறெங்கும் அந்த வாசனை இருக்காது என்று நினைக்கிறேன். பூவும் பழமும் விற்கிற ஒரு அம்மாவின் கடைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"சார் யாரு? வட்டிக் கம்பெனியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைங்க."

"தவணை கட்டாத வண்டியத் தூக்கிட்டுப் போறவங்கதான் இப்படி நோட்டும் கையுமா வருவாங்க. ஆனா அவங்க நிப்பாங்க. நீங்க உக்காந்திருக்கீங்க."

"ஒரு ஆராய்ச்சிம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எங்கயும் போவ மாட்டீங்க. கடையப் பாத்துக்குங்க சார், டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அன்று பதினாறு எலுமிச்சம்பழமும் இரண்டு மாலையும் விற்றேன். நூலகத்தில் ஒரு வாரத்தில் அவ்வளவு புத்தகம் வெளியே போகாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்ததும் அவர் டீ குடிக்கப் போவது வழக்கமாகிவிட்டது.

கார்கள் வந்தன. நான் கோடு போட்டேன். ஆனால் கோடு போடுவதற்குள் ஒவ்வொரு காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிடுவேன். ஒரு காரின் பின்கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் சாமந்தியும் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கும் என்று முடிவு செய்தேன். இன்னொரு காரில் பழகுநர் ஒட்டுகிற சிவப்பு எழுத்து இன்னும் உரிக்கப்படாமல் வெளிறிப்போய் இருந்தது. பத்து வருஷமாகப் பழகிக்கொண்டே இருக்கும் ஒருவரை நினைத்து நெகிழ்ந்தேன். ஒருவர் வேட்டி நுனியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார், கன்றுக்குட்டியின் கண்ணைத் துடைப்பது போல. பின்கண்ணாடியில் மயில் படம் ஒட்டிய ஒரு கார், மழைக்கு முந்தைய வானத்தின் நிறம், வேப்பிலைக் கொத்துகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தது. கார்கள் பார்க்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கார் பார்த்தது.

வெயில் ஏற ஏற எல்லாம் மங்கி, கற்பூரப் புகையில் வண்டிகள் படகு மாதிரி மிதக்கும். நான் அவற்றில் ஒன்றில் என் மனைவியை உட்கார வைத்து, குலுங்காமல், அலுங்காமல், வயல்களுக்கு நடுவே அனுப்பிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கும்போது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். விழித்துப் பார்த்தால் மூன்று கார்கள் போயிருக்கும். ஞாபகத்திலிருந்து கோடு போட்டுக்கொள்வேன்.

அத்தனை பேர் வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. நன்றி என்று நானே முடிவுகட்டிவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது?

ஐந்தாவது ஞாயிறு முடிந்ததும் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு கம்பெனியின் கோடுகள் மட்டும் வேலி கட்டினாற்போல நீண்டு போயின. மற்றதெல்லாம் அதில் பாதிகூட இல்லை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அதற்கும் மானம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. பள்ளி திறக்க எட்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நோட்டை நீட்டினேன். அவள் வெந்நீர்ப் பையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். புரட்டிப் பார்த்தாள்.

"ஒரு பக்கத்துல 'மயில், மேகம், பார்த்தது'ன்னு எழுதியிருக்கீங்க."

"அது குறிப்பு."

"சரி," என்றாள். நோட்டை மடியில் வைத்துவிட்டு, "பாய்கிட்ட…" என்று ஆரம்பித்தாள். நான் நோட்டை வாங்கி மூடினேன்.

அந்த வாரமே உறையூரில் அந்தக் கம்பெனி வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உரிமையாளர் கைத்தறிச் சேலை வியாபாரி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டி நின்றது. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம். பார்த்ததும் என் உடம்பில் ஏதோ ஓடியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன், இதற்கும் எனக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று தோன்றியது. பூர்வஜென்மம் வரைக்கும் போய்விட்டேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போயிருந்தால் போதும்.

"ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க," என்றார் வியாபாரி. பெருந்தன்மையான மனிதர். "அம்மன் மேல பாரத்தப் போட்டுட்டு எடுங்க சார். நாங்க அப்படித்தான் எடுப்போம்."

எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி திறக்கப் போகிறது என்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, கொள்ளிடத்தைத் தாண்டினோம். என் கனவில் எப்படிப் போனதோ அப்படியே போயிற்று. குலுங்கவில்லை. பாலத்தின் விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. மணல் வெளியில் வெயில் பால் மாதிரிக் கிடந்தது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைக் கடந்து, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய், அவள் வண்டியை நிறுத்தி, கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்த மைதானம். தலைமையாசிரியர் அறையின் மூடிய கதவு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் லேசாகத் தட்டினாள். அவள் மனசு நிறைந்தால் அப்படித்தான் எதையாவது தட்டுவாள்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

அந்த இரண்டு வார்த்தைக்கே நான் ஐந்து ஞாயிறு வெயிலில் உட்காரலாம் என்று தோன்றியது. திரும்பும் வழியில் சமயபுரத்துக்கு விடச் சொன்னேன். வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு கும்பிடு. கூடவே அந்தப் பூக்கார அம்மாவிடம் என் ஆராய்ச்சியின் பலனைக் காட்ட வேண்டும் என்கிற அற்ப ஆசை.

அவர் வண்டியைப் பார்த்தார். சுற்றிப் பின்பக்கம் போய், கண்ணாடியில் ஏதோ படத்தை உரித்த தடத்தைப் பார்த்தார். நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, "இத நீங்களா வாங்கியிருக்கீங்க?" என்றார்.

"வாங்கப் போறோம். ஏம்மா?"

"மயிலுக்காரங்க வண்டி. டிரைவர் தம்பி ஒருத்தர் ஓட்டியாருவாரு. இந்தக் கோடையில மட்டும் மூணு தடவ வந்துட்டாங்க."

"அவ்வளவு பக்தியா?" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"பக்தியா? சார், புது வண்டின்னா ஒரு தடவ வருவாங்க, பூசை போடுவாங்க, போயிடுவாங்க. பழைய வண்டிய எவன் சும்மா இங்க ஓட்டிட்டு வருவான்? எங்கயாச்சும் இடிச்சிருக்கும். இல்ல நடுரோட்டுல நின்னு மானத்த வாங்கியிருக்கும். மெக்கானிக்கும் கைய விரிச்சிட்டா அப்பறம் திருஷ்டின்னு ஆத்தாகிட்டதான் வருவாங்க."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. மாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து ஞாயிறாக நான் எண்ணியது நன்றியை இல்லை, நோயை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் ஆரோக்கியத்தை அளக்க முடியாது என்று மனைவிக்குப் பாடம் எடுத்துவிட்டு, நேராகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நூலகத்தில் அடிக்கடி பைண்டிங்குக்குப் போகிற புத்தகத்தை, கிழியாமல் உழைக்கிற புத்தகம் என்று பதிவு செய்வதற்குச் சமம் இது. அதிலும் ஒரே பிரதியை மூன்று தடவை.

இருந்தாலும் விடவில்லை. "அப்ப எந்தக் கம்பெனி வண்டிம்மா இங்க வராது?" என்று கேட்டேன்.

"வராத வண்டிய நான் எங்க சார் பாத்தேன்?" என்றார் அவர், எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தபடி.

மனைவி வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் திருப்பினாள். மழைக்கு முந்தைய வானம் அமைதியாக இருந்தது. எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்காமல் மஞ்சளாக, புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தன.

"இருங்க, அவசரப்படாதீங்க," என்றார் பூக்கார அம்மா, பழக்கப்பட்ட குரலில். "ஒரு மணி நேரம் நிழல்ல கெடக்கட்டும். தானா எந்திரிக்கும். அந்தத் தம்பியும் இங்கதான் படுத்துத் தூங்கும்."

வேப்ப மரத்தடியில் மனைவி என் பெட்டியில் உட்கார்ந்தாள். நான் தரையில். காற்று லேசாக வீசியது. எதிரே புகையில் வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்த நிலையிலும் கண் சொக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து, அந்த அம்மா சொன்னபடியே, எதுவும் நடக்காதது போல வண்டி எழுந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. இந்த முறை சத்தம் நன்றாகவே கேட்டது.

உறையூரில் வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது வியாபாரி வாசலுக்கு ஓடி வந்தார். "அதுலயேவா திரும்பி வந்தீங்க?" என்றார். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு மனைவி ஓர் ஆட்டோவில் கிளம்பினாள். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தாள், கையெழுத்துப் போட்டாள், அந்த அறையின் கதவைத் திறந்தாள். மாலையில் வந்து, சேலைகூட மாற்றாமல் தரையில் விரித்த பாயில் மல்லாந்து படுத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆட்டோவுல இந்த ஒரு வாரம் தாங்குவேங்க. அதுக்கு மேல முடியாது. வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பேசித் தொலைத்திருப்பேன். என் பக்கம் திரும்பிப் படுத்து, "பாய்கிட்ட நான் கேக்கறேன். நீங்க கூட வாங்க. பேச வேணாம்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பாலக்கரை போனோம். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிட்டீங்களாம், மகள் சொல்லுச்சு. மாஷா அல்லாஹ். ஏன் முகம் வாடியிருக்கு?"

"ஒரே ஒரு கேள்வி பாய். ஆயில் மாத்த மட்டும் வந்துட்டு, வேற எதுக்கும் உங்க மூஞ்சில முழிக்காத வண்டி எது?"

ஐந்து ஞாயிறும் நாற்பது பக்கமும் ஒரு கேள்வியில் முடிந்துபோயின. பாய் யோசிக்கவே இல்லை. மூலையில் நின்ற ஒரு காரைக் கையால் காட்டினார்.

"இந்தக் கம்பெனி, இந்த மாடல். இதுங்களால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லம்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், ஆயில் குடிக்கும், போயிடும். என் சொந்த வண்டியும் இதான்."

"அந்த மேகக் கலர்…" என்று நான் அந்த இன்னொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். பேச வேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

"அதுவா சார்? வயரிங்குல ஒரு கோளாறு. சூடு ஏறிச்சுன்னா தூங்கிடும். அது நல்லா இருக்கணும்னு நான் அஞ்சு வேளையும் துவா கேக்கறேன். அந்த வண்டி ரிப்பேர் காசுலதான் என் மகளப் படிக்க வெச்சேன்."

அந்த வாரம் முடிவதற்குள் பாய் சொன்ன கம்பெனியில், பாய் சொன்ன மாடலில், பாயே தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அடியில் படுத்துப் பார்த்த ஒரு பழைய காரை வாங்கினோம். அரிசி களைந்த தண்ணீரின் நிறம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதைப் பற்றிக் கனவு காண ஒன்றும் கிடைக்காது. முயன்று பார்த்திருக்கிறேன். தினமும் ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறது. கிளம்பும்போது சத்தம்கூட அதிகமில்லை. மனைவி அதைத் தட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, வாசலில் நிறுத்தி, இறங்காமல் அப்படியே ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வலியோ என்று பதறிப் போய்க் கேட்டேன்.

"இல்லைங்க. சும்மா. நல்லா இருந்துச்சு," என்றாள்.

இப்போதும் எப்போதாவது பஸ்ஸில் சமயபுரத்தைத் தாண்டிப் போகிறேன். கொள்ளிடத்தில் தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் மணலை. மாலை போட்ட பழைய கார்களைப் பார்க்கும்போது, உண்மை தெரிந்த பிறகும், மனசு கொஞ்சம் கரையத்தான் செய்கிறது. நடுத்தெருவில் தங்களைக் கைவிட்ட வண்டியைக்கூடக் குளிப்பாட்டிப் பூ வைத்து, இன்னொரு தடவை நம்பிப் பார்க்கிறார்கள். பூக்கார அம்மா கடையில் இருந்தால் ஜன்னல் வழியாகக் கை காட்டுவேன். டீ குடிக்கப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர் பாவம்.

ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுபோனபோது நானும் மனைவியோடு போனேன். அதற்குள் அவள் பாயிடம் சமயபுரம் கதையை முழுக்கச் சொல்லியிருந்தாள் என்பது அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது. வேலை முடிந்து, வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது பாய் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்த நோட்டு இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். யாரோ ஒருவருக்காவது அதன் அருமை தெரிந்திருக்கிறதே என்று கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றேன்.

"சும்மாத்தானே கெடக்குது, எனக்குக் குடுங்க. எந்தக் கம்பெனி ஸ்பேர் அதிகமா வாங்கி வெக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கொழப்பம்."